கொமடோர் 64உம் அத்தான்ரை டிஸ்க்கும்

கொமடோர் 64 என்றவுடன் எல்லாரும் விளையாட்டுகளைப் பற்றித்தான் கதைப்பார்கள். 1982இல் வந்த சாமான், 64 கிலோபைட் நினைவகம், அதன் உருவத்தைப் பார்த்து ஜெர்மன்காரர் 'பாண் பெட்டி' என்று பட்டம் வைத்தார்கள். இதெல்லாம் உங்களில் கனபேருக்குத் தெரிந்திருக்கும். நான் எழுத வந்தது அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்த மற்றப் பெட்டியைப் பற்றி. 1541 என்ற புளொப்பி டிரைவ்.

இந்த டிரைவ் தானே ஒரு தனிக் கொம்பியூட்டர். பகிடிக்குச் சொல்லவில்லை. உள்ளே அதற்கென்றே ஒரு 6502 சிப், 2 கிலோபைட் நினைவகம், சொந்தமாக ஒரு இயங்குதளம் எல்லாம் இருக்கு. பாண் பெட்டி "இந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்காம், எடுத்துத் தா" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கும். தேடி எடுத்துக் கொடுக்கிறது டிரைவின் பாடு.

இவ்வளவு மூளை இருந்தும் வேகம் ஆமை. செக்கனுக்கு ஏறத்தாழ 400 பைட். 40 கிலோபைட் அளவில் ஒரு புரோகிராம் ஏறி முடிய நூறு செக்கன் போகும். காரணம் பரம்பரை வியாதி. முன்னர் வந்த விக்-20 பெட்டிக்காக, பிட்டுகளைத் தானாக வரிசையாக அனுப்பும் வசதியுள்ள 6522 சிப்பைப் போட்டார்கள். அந்த வசதியில் ஒரு கோளாறு. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளால் தள்ளிவிட்டார்கள். 64இல் சிப் மாறியது, ஆனால் பழைய சாமான்களோடும் ஒத்துப்போக வேணும் என்று அந்த முறையையே வைத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, திரையை வரையும் சிப் இடைக்கிடை புரொசஸரை நிற்பாட்டி வைக்கும் என்பதால் இன்னும் மெதுவாக்கினார்கள்!

டிரைவ் ஒரு கொம்பியூட்டர்தானே, அப்ப அதுக்குள்ளேயே எங்கட புரோகிராமை அனுப்பினால் என்ன என்று யாரோ யோசித்ததில்தான் 'ஃபாஸ்ட் லோடர்'கள் பிறந்தன. இங்கே வந்த '64'அர்' என்ற சஞ்சிகையில் ஹைப்ரா-லோட் என்று ஒன்று பட்டியலாகவே அச்சாகி வந்தது. சனம் இருந்து எண் எண்ணாகத் தட்டி ஏற்றியது. அந்தப் பொறுமை இப்ப ஆருக்கு வரும்?

அத்தானுக்கு இருந்தது. 1985இல் ஜெர்மனிக்கு வந்தவர், இரண்டு வருசம் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவின காசில் 64உம் 1541உம் வாங்கினார். வாங்கிச் செய்த முதல் வேலை தமிழ் எழுத்து வரைந்தது. 64இல் எழுத்துருவை நாங்களே மாற்றலாம். 256 கட்டங்கள், ஒவ்வொன்றும் 8க்கு 8 புள்ளி. எட்டுப் புள்ளி அகலத்துக்குள் 'ண'வுக்கு மூன்று சுழி போட்டுப் பாருங்கோ, தெரியும். ஆகவே பெரிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டம். அந்த எழுத்தில் கடிதம் அடித்து, டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடுத்து, யாழ்ப்பாணத்தில் இருந்த அக்காவுக்கு அனுப்புவார். கையால் எழுதியிருந்தால் பத்து நிமிச வேலை எண்டு அக்கா இப்பவும் சொல்லுவா :)

அக்கா இங்கே வரும்போது அந்தக் கடிதங்களை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவ. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டோடு எல்லாம் போய்விட்டது. அத்தானும் 2019இல் போய்விட்டார். நிலவறையைத் துப்புரவாக்கும்போது வந்தன பாண் பெட்டி, டிரைவ், ஆறு டிஸ்க். ஒன்றில் அத்தான்ரை கையெழுத்தில் 'கடிதம்'.

இப்படி ஏதும் உங்களிடம் அகப்பட்டால் முதலில் ஒன்று: 64இன் பழைய பவர் சப்ளையைச் செருகாதேங்கோ. வயசுபோனால் 5 வோல்ட்டுக்குப் பதில் கூடுதலாக விட்டு நினைவகச் சிப்புகளைக் கொன்றுவிடும். புதிது வாங்கினேன். டிரைவின் தலையை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்தேன். லோட் "$",8 என்று அடித்தால் பட்டியல் வந்தது. முதல் கோப்பு 9 புளொக், பெயர் 'தமிழ்' ஆங்கில எழுத்தில். அதற்குக் கீழே பதினொரு கடிதம்.

கடிதங்கள் எல்லாம் சுகமாக வந்தன. ஆனால் எழுத்துரு இல்லாமல் அவை வெறும் கிறுக்கல்: சீட்டுக் குறிகள், கோடு, ஆங்கில எழுத்து. எழுத்துருவை ஏற்றப் போனால் டிரைவ் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் இடிக்கத் தொடங்கியது. 1541இல் முதல் தடம் எங்கே என்று காட்ட உணரி கிடையாது. குழம்பினால் 'டடடடட' என்று முட்டி முட்டித்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் வயிறு கலங்கும். சிவப்பு விளக்கு மின்னியது. பிழை: 23, ரீட் எரர், 17, 18. பதினேழாம் தடம், பதினெட்டாம் செக்டர்.

டிஸ்க்கைப் பிடித்துப் பார்த்தால் வட்டமாக ஒரு கீறல், மறுபக்கத்து வெளிச்சம் தெரியுது. பூச்சே உரிந்து போய்விட்டது. உள்ளூரில் ஒரு நண்பரின் டிரைவிலும் போட்டுப் பார்த்தோம். இல்லாததை எந்த டிரைவ் வாசிக்கும்?

1541 கோப்புகள் சங்கிலி மாதிரி. ஒவ்வொரு புளொக்கின் முதல் இரண்டு பைட்டில்தான் அடுத்தது எங்கே என்று இருக்கும். ஒரு கண்ணி அறுந்தால் மிச்சமும் காணாமல் போய்விடும். ஆனால் டிஸ்க் சுற்றிக்கொண்டே இருப்பதால், டிரைவ் பத்துப் பத்தாகத் தாவித்தான் எழுதும்: 0, 10, 20, சுற்றி வந்து 8, பிறகு 18. அடுத்தது 6ஆக இருக்கவேணும் என்று கணக்குப் போட்டேன். டிஸ்க் முழுவதையும் யூ.எஸ்.பி. வழியாக லப்டொப்புக்கு எடுத்து (174,848 பைட், கைத்தொலைபேசிப் படம் ஒன்றுக்கே காணாது) 6ஐத் திறந்தால், அங்கேயே இருந்தது. சங்கிலி பொருந்தியது. போனது நடுவில் 254 பைட் மட்டும். எழுத்துக்கு 8 பைட் என்றால், ஏறத்தாழ 32 கட்டம்.

அத்தான் அரிவரி ஒழுங்கில் வரையவில்லை, நினைத்தபடி வரைந்திருக்கிறார். அதனால் போனது எந்தெந்த எழுத்து என்று கட்டத்தின் எண்ணை வைத்துச் சொல்ல ஏலாது. காணாத கட்டமெல்லாம் கறுப்புச் சதுரமாக வர வைத்து, முதல் கடிதத்தை அக்காவுக்குக் காட்டினேன். 'அன்பு', பிறகு இரண்டு சதுரம்.

"இதென்ன கேள்வி? அன்புள்ள" என்றா அக்கா.

'ள்'உம் 'ள'வும் கிடைத்தன. பதினொரு கடிதத்திலும் அந்தக் கட்டங்கள் ஒரே நேரத்தில் நிரம்பின. 'சாவ', ஒரு சதுரம், 'ச்', ஒரு சதுரம், 'ரி'. அது ஊர் தெரிந்த ஆருக்கும் வரும். பிறகு மாமியின் பெயர், ஏஜென்சிக்காரனின் பெயர், ஒரு பேப்பரில் எழுதி எழுதி ஒட்டிக்கொண்டே போனோம். அக்கா சொல்லச் சொல்ல நான் புள்ளி வைத்து வரைந்தேன். அத்தான் வரைந்த வடிவு எனக்கு வரவில்லை, என்ரை 'ள' கொஞ்சம் சாய்வு.

இரண்டாவது கடிதத்தின் நடுவில், நான் வாசிக்கத் தேவையில்லாத இடம் ஒன்று வந்தது. எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அக்கா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தா. மிச்சச் சதுரங்களை அவவே நிரப்பிக்கொள்கிறாவாம்.

இன்னும் ஐந்து டிஸ்க் இருக்கு. ஒன்றில் பூஞ்சணம் பிடித்திருக்கு, அதைக் கழுவாமல் டிரைவில் விட்டால் தலையும் போய்விடும். சனிக்கிழமை நண்பர் வாறார்.