ஓட்டறதுக்கா, காட்டறதுக்கா?

பானட்டைப் பிடித்திருக்கும் கீல்களில் போல்ட் இருக்கும். கம்பெனியில் பாடிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்த போல்ட்டின் தலையிலும் சேர்ந்தே பெயிண்ட் படிந்துவிடும். பிறகு ஒரு ஸ்பேனர் பட்டால் போதும், அறுகோணத்தின் முனைகளில் அது உதிர்ந்து இரும்பு தெரியும், பானட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். சிங்காநல்லூர்ப் பக்கம் உள்ள ஒரு பட்டறையில் பழைய கார் எடுக்க வருபவர்களுக்கு மெக்கானிக் முதலில் காட்டுவது இதைத்தான். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்வதெல்லாம் பிறகு.

என் அண்ணன் மகளுக்குக் கார் பார்க்கப் போயிருந்தோம். சூலூரிலிருந்து சரவணம்பட்டிக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறாள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கோ-கார்ட் ஓட்டிப் பழகியவள். போனோம் வந்தோம் என்றிருக்கும் வண்டி அவளுக்குப் பிடிக்காது. சின்ன வண்டியாக இருக்கவேண்டும், வளைவில் அலையாமல் திரும்பவேண்டும், மிதித்தால் இழுக்கவேண்டும். புதிதாக வாங்கும் அளவுக்குக் கையில் பணமில்லை. அப்படிப்பட்ட சின்ன வண்டிகள் ஷோரூமில் இப்போது அதிகம் கிடைப்பதுமில்லை.

மெக்கானிக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. "ஏனுங்க அம்மணி, வண்டி ஓட்டறதுக்கா, காட்டறதுக்கா?"

"தினமும் ஓட்டறதுக்குங்கண்ணா."

"அப்ப பேரைப் பாக்காதீங்க. வண்டியைப் பாருங்க."

கோயம்புத்தூரில் இந்தப் பேச்சுக்குத் தனி எடை உண்டு. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 2003-ல் திறந்த செட்டிபாளையம் ஓடுதளம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இங்கிருந்து போனவர்தான். வேகத்தின்மேல் ஆசை உள்ள ஊர் என்பதால், வேகமாக ஓட்டப்பட்ட வண்டியைச் சோதித்துச் சொல்லத் தெரிந்த கைகளும் இங்கே நிறைய இருக்கின்றன. விளையாட்டுக் குணமுள்ள வண்டிகளைச் சொந்தக்காரர்கள் ஒன்று தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள், இல்லாவிட்டால் பிழிந்து எடுத்திருப்பார்கள். நடுவில் இருப்பது குறைவு. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலப் பளபளக்கும். எது எது என்று பிரித்துச் சொல்வதுதான் இவர்கள் தொழில்.

டீ வந்தது. எந்த மாடல் என்ற பேச்சும் வந்தது. 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டைப் பற்றி மெக்கானிக் மரியாதையோடு பேசினார். பெட்ரோல் வண்டியின் எடை 900 கிலோவுக்கும் குறைவு, சக்தி 83 குதிரைத்திறன். "இதுக்கு இது போதுமுங்க. எடை இல்லாத வண்டி, சொன்ன பேச்சுக் கேக்கும். சாமான் எந்த ஊர்லயும் கிடைக்கும்." அண்ணன் மகள் உடனே குளோபல் என்கேப் மோதல் சோதனையை எடுத்தாள். அந்த ஸ்விஃப்ட்டுக்கு அதில் இரண்டு நட்சத்திரம்தான், இரண்டு ஏர்பேக் வைத்த போலோவுக்கு 2014-லேயே நான்கு. அவிநாசி சாலையில் லாரிகளோடு தினமும் ஓட்டுகிறவள் இதைக் கணக்கில் எடுப்பது சரி என்றே எனக்கும் பட்டது.

2015-ல் வந்த ஃபிகோவின் 1.5 லிட்டர் டீசல், 100 குதிரைத்திறன். அதன் இழுவையைச் சொல்லும்போது மெக்கானிக்கின் முகமே மாறியது. ஆனால் 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. சாமான் கிடைக்கிறது, சிலதுக்குக் காத்திருக்க வேண்டும் என்றார். டியாகோ ஜேடிபி பேச்சு வந்ததும் பட்டறையில் எல்லோரும் திரும்பினார்கள். கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018-ல் கொண்டுவந்த வண்டி அது. டர்போ வைத்த 1.2 லிட்டர் இன்ஜின், 114 குதிரைத்திறன். ஊர்ப் பெருமை. ஆனால் குறைந்த காலமே விற்பனையில் இருந்தது. அதற்கென்றே செய்த பம்பரோ ஸ்பிரிங்கோ போனால் தேடி அலையவேண்டும். தினமும் ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்கவேண்டியவர்களுக்கு அந்த அலைச்சல் ஒத்துவராது.

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு சிவப்பு வண்டி வந்தது. பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் இருந்து காட்டுவதற்காகக் கொண்டுவந்தார்கள். அதன் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. குறை அந்த மாடலில் இல்லை, இந்த வண்டிக்கு நேர்ந்ததில் இருந்தது.

பெயிண்டரைக் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். காரின் பக்கவாட்டில் நின்று கண்ணைத் தாழ்த்தி, வெயில் விழும் கோணத்தில் ஒருமுறை பார்த்தார். பிறகு விரல் நுனிகளால் முன்கதவில் ஆரம்பித்து மட்கார்டு வரை தடவிக்கொண்டே போனார். மட்கார்டில் கை நின்றது. "இங்க பட்டி போட்டிருக்குதுங்க." முட்டியால் தட்டிக் காட்டினார். கதவில் கணீரென்று இருந்த சத்தம் இங்கே மொத்தென்று விழுந்தது. பெயிண்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றும் பட்டறையில் இருக்கிறது. கம்பெனிப் பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான்வரை காட்டும். கதவில் 110 என்று காட்டிய கருவி, மட்கார்டில் 600-ஐத் தாண்டியது. கருவி வருவதற்கு முன்பே விரல் அதைச் சொல்லியிருந்தது.

மட்கார்டில் பட்டி இருப்பதெல்லாம் பெரிய குற்றமில்லை. சந்தில் ஓட்டினால் உரசத்தான் செய்யும். அடி உள்ளே போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது டிங்கருக்குத் தெரியும். அவர் பானட்டைத் திறந்து டார்ச் அடித்து, ஹெட்லைட்டுக்குப் பின்னால் அப்ரானில் கையை விட்டார். கம்பெனியில் தகடுகளைச் சேர்க்கும் ஸ்பாட் வெல்டு சீரான இடைவெளியில் சின்னச் சின்னக் குழியாகத் தெரியும். வலது பக்கம் அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் குழிகளே இல்லை. கேஸ் வெல்டு வைத்து, தேய்த்து, மேலே சீலரைப் பூசி மறைத்திருந்தார்கள். அந்த சீலரை அவர் நகத்தால் அழுத்தினார், அமுங்கியது. கம்பெனி சீலர் காய்ந்து கெட்டியாக இருக்கும்.

"நல்லாத்தான் வேலை பண்ணியிருக்கான்" என்றார் டிங்கர், செய்தவனின் கைவேலையைக் குறைக்காமல். "ஆனா வண்டி வேண்டாங்க. வேகமா வளைக்கும்போது இந்தப் பக்கம் எப்புடி நிக்கும்னு யாரும் சொல்ல முடியாது."

மெல்ல ஓட்டுகிற வண்டியென்றால் இந்தக் குறையோடு ஒருவேளை காலம் தள்ளலாம். வளைவில் நம்பி ஓட்டவேண்டிய வண்டியில் சஸ்பென்ஷன் வந்து உட்காரும் இடமே வெட்டி ஒட்டியதாக இருந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது டர்போ பெட்ரோல் வண்டி. மிதித்ததும் பாய்ந்தது. அண்ணன் மகளுக்குக் கண் விரிந்தது. ஐ.டி.ஐ. முடித்து அங்கே வேலை பார்க்கும் பையன் ஸ்கேனரைச் செருகினான். கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றது திரை. வண்டியைக் கொண்டுவந்தவர் சிரித்தார். பையன் அடுத்த பக்கத்துக்குப் போனான். பழைய பதிவுகளை அழித்தபிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதும் ஸ்கேனரில் தெரியும். 11 என்றிருந்தது. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சுற்றுகளும் பாதியில் நின்றிருந்தன.

"நேத்தோ இன்னைக்கோதான் அழிச்சிருக்காங்க சார்."

மெக்கானிக் கீழே குனிந்து பார்த்தார். எக்ஸாஸ்ட் குழாயின் கிளாம்ப்பில் புதுக் கீறல்கள். இன்ஜினின் கணினியான இசியு பெட்டியின் திருகுகளில் கருவி பட்ட தடம். சக்தியைக் கூட்ட அந்தக் கணினியை ரீமேப் செய்து ஓட்டிவிட்டு, விற்பதற்காக எல்லாவற்றையும் பழையபடி மாட்டியிருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. ரீமேப் செய்வது பாவம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விற்பதைத்தான் ஏற்கவில்லை. சக்தியைக் கூட்டினால் கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ மூன்றும் அந்தச் சுமையைத் தாங்கியாகவேண்டும், மீட்டரில் ஓட்டம் குறைவாகத் தெரிந்தாலும் தேய்மானம் அதிகமாக இருக்கும். வண்டியை மேம்பாலத்துக்கு எடுத்துப்போனோம். ஏற்றத்தில், குறைந்த வேகத்தில் மூன்றாம் கியரில் முழுசாக மிதிக்கச் சொன்னார். டாகோமீட்டர் முள் விறுவிறுவென்று ஏறியது, வண்டி அந்த அளவுக்கு ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. இந்தச் சோதனையைச் சமதளத்தில் செய்திருந்தால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

கடைசியாகப் பார்த்தது 2020 போலோ. ஒரு லிட்டர் டிஎஸ்ஐ, 110 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். அதற்கு முந்தைய 1.2 லிட்டர் ஜிடி டிஎஸ்ஐயில் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் வரும். உலர் கிளட்ச் இரண்டு வைத்த அமைப்பு அது. அதன் வேகத்தை மெக்கானிக் மெச்சுகிறார். ஆனால் ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் உலர் கிளட்ச்சுக்குச் சூடு ஏறும், பழைய வண்டியில் அந்தப் பெட்டியைத் திறக்கிற செலவும் பெரிது. அதனால் மேனுவலே பாருங்கள் என்றார். போலோ உற்பத்தி 2022-ல் நின்றுவிட்டாலும் அதே இன்ஜின் குடும்பம் டைகுனிலும் விர்ட்டஸிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாமானுக்குப் பயமில்லை.

வண்டி நின்றதும் ஸ்டார்ட் பண்ணவிடாமல் பானட்டைத் திறந்து இன்ஜின்மேல் கையை வைத்தார். சூடு. ஓட்டிக்கொண்டுவந்த வண்டிதானே என்று நான் கேட்டேன். "குளுந்த இன்ஜின்தாங்க உண்மை பேசும்" என்று சொல்லி, சாவியை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் காலை வரச் சொன்னார். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினில்தான் முதல் நொடிச் சத்தமும் முதல் புகையும் தெரியும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் உள்ளே போகிறது.

மறுநாள் காலை நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடினார். ஒவ்வொரு இடமாக நகர்த்தினார். பட்டறையில் யாரும் பேசவில்லை. ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப், இன்ஜெக்டர் என்று தனித்தனியாக அவருக்குக் கேட்கிறது. நானும் வைத்துப் பார்த்தேன், எனக்கு எல்லாம் சேர்ந்த ஒரே சத்தம்தான். இன்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டார். லேசான ஆயில் பிசுபிசுப்பு, அது இருக்கும். தேங்கியிருந்தால்தான் டர்போ சீல் போய்விட்டதென்று அர்த்தம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, சுருண்டு கிடந்த பகுதியை முகர்ந்து பார்த்தார். தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவுகிறவர்கள் கம்பளத்தைச் சுத்தம் செய்வார்கள், இந்த இடத்தை மறந்துவிடுவார்கள். சேற்றுக் கோடு அங்கேயே இருக்கும். 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் வண்டிகள் மூழ்கியபிறகு, எந்த ஊர் வண்டி வந்தாலும் இதைப் பார்க்காமல் விடுவதில்லையாம். டிஎன் 43 என்று நீலகிரிப் பதிவெண் இருந்தால் கிளட்ச்சையும் பிரேக்கையும் கூடுதலாகப் பார்ப்பார், மலையில் அவற்றுக்கு ஓய்வே கிடையாது.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் அடித்தோம். டக் டக் சத்தம் இல்லை. டயரில் தேதியைத் தேடினார். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 0820 என்றிருந்தது. வண்டியோடு வந்த டயர்கள். ஓட்டத்தோடு கணக்குப் பொருந்துகிறது, மீட்டரில் கைவைக்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. ஆனால் ரப்பர் கெட்டியாகிவிட்டது, நான்கையும் மாற்றவேண்டும். லோயர் ஆர்ம் புஷ் போயிருந்தது, பிரேக் டிஸ்க் ஓரத்தில் விளிம்பு எழும்பியிருந்தது. அவர் எழுதிக்கொடுத்த தாளை வைத்துப் பேசினோம், விலை கணிசமாக இறங்கியது.

பார்த்துச் சொன்னதற்குக் கேட்ட கூலி அந்த டயரில் ஒன்றின் விலைகூட வராது. அதற்கே பலர் முகம் சுளிப்பார்களாம். "சும்மா பாத்துத்தானே சொன்னீங்க" என்பார்களாம். லட்சக்கணக்கில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியோடு வந்து நிற்பவர்களைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார். பணம் கொடுக்கும் முன்னால் இவர்களிடம் வரவேண்டும், கேட்ட கூலியைக் குறைக்காமல் கொடுக்கவேண்டும். முப்பது வருடம் காதையும் விரலையும் பழக்கியதற்கான கூலி அது.

அந்தப் பழக்கத்துக்கு அவர்கள் கொடுத்திருப்பதும் சின்ன விலையில்லை. டிங்கரிடம் எதையும் இரண்டு முறை சொல்லவேண்டியிருக்கிறது, தகட்டில் சுத்தியல் விழும் சத்தம் ஒரு காதைப் பாதி எடுத்துக்கொண்டது. பெயிண்டர் ஸ்ப்ரே அடிக்கும்போது முகத்தில் துண்டுதான் கட்டுகிறார். இன்று கார்களுக்கு அடிக்கும் 2கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலில் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. துண்டு அதைத் தடுக்காது. தகுந்த வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும், ஓரளவுக்கு மேல் வெளியிலிருந்து காற்றுக் குழாயே வேண்டும். தொழிலாளியாகச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் வாங்கித் தரவில்லை என்றார் அவர். இப்போது பட்டறை முதலாளியிடம் இதைப் பேசியிருக்கிறேன். வாங்கும்வரை பேசுவேன்.

போலோவை அண்ணன் மகள் பெயருக்கு மாற்றப் படிவம் 29-லும் 30-லும் கையெழுத்தானது. பழைய கடன் முடிந்து, படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் அடமானப் பதிவை நீக்கியிருந்தார்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற மனுக் கொடுக்கவேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் ஆயிலும் பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் மாற்றியாயிற்று, டயர் வந்துவிட்டது.

"ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிப்போட்டு வாங்க அம்மணி" என்றார் மெக்கானிக். "ஆயில் மட்டம் இறங்கியிருக்குதான்னு பாக்கோணும்."