கேட்கப்படாதவர்

2016 ஜூன் மாதக் கடைசியில் குன்னூரில் இருந்தேன். ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதென்று பிரிட்டிஷ் ஜனங்கள் முடிவு செய்துவிட்டதாகப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்திருந்தது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 51.9 பேர் விலகல் கட்சி. 1975-இல் நூற்றுக்கு 67 பேர் "இருப்போம்" என்றார்களே! நாற்பது வருஷ தாம்பத்தியம் கசந்துவிட்டது போலும்.

டீக்கடைப் பெஞ்சியில் பக்கத்திலிருந்த பெரியவருக்கு இதை விஸ்தாரமாக விளக்கினேன். எழுத்தாளனுக்கு உள்ள வியாதி அது. "சுத்த அசட்டுத்தனம்" என்று தீர்ப்பும் சொன்னேன். அவர் இலங்கையிலிருந்து வந்து, அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்.

"ஆளாளுக்குச் சீட்டுக் கொடுத்துக் கேட்டாங்களாங்கய்யா?"

"ஆமாம்."

"எங்களை யாரும் கேக்கலீங்க."

என் வாய் அடைத்துவிட்டது. 1948-இல் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மறு வருஷம் ஓட்டும் போயிற்று. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக விட்டார்கள். பாகப் பிரிவினையில் அண்டா குண்டாவை யார் அபிப்பிராயம் கேட்கிறார்கள்?

சேர்ந்திருப்பதில் சந்தேகம் வருவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டியிருக்கிறது. முதலில் யாராவது நம்மைக் கேட்க வேண்டும்.

"இங்கே ஓட்டுப் போடுகிறீர்களா?" என்றேன்.

"மழையானாலும் விடறதில்லீங்க."

"யாருக்கு?"

பெரியவர் சிரித்தார். பதில் மட்டும் சொல்லவில்லை. என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.