முதுகுக்கு ஒரு பை, வண்டிக்கு ஒரு பை

எங்க ஊர்ல ஒரு சைக்கிள் தூரத்துல வரும்போதே, அதுல வர்றவர் என்ன வேலை செய்யறவர்னு சொல்லிடலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, சுமையைப் பார்த்தாப் போதும். கேரியரோட ரெண்டு பக்கமும் கேன் தொங்கினா பால்காரர். ஹேண்டில்பார்ல காக்கிப் பை தொங்கினா தபால்காரர். பின்னாடி பச்சையா ஒரு கட்டு ஆடிக்கிட்டு வந்தா, மாட்டுக்குத் தீவனம் அறுத்துட்டு வர்ற என்னை மாதிரி ஆள். இவங்க யார் முதுகுலயும் ஒண்ணும் இருக்காது. முதுகு நிறையப் பையோட வந்தா, அது பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

இதைப் பத்தி எழுதணும்னு தோணினதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, சென்னையில வேலை பார்க்கிற என் தங்கச்சி மகன். ஆபீசுக்கு 9 கிலோமீட்டர் சைக்கிள்லயே போக ஆரம்பிச்சிருக்கான். "மாமா, தோள்ல குறுக்கே போடற மெசஞ்சர் பேக் வாங்கறதா, முதுகுல மாட்டற பேக்பேக் வாங்கறதா? நீங்கதான் நாப்பது வருஷமா சைக்கிள் மிதிக்கறீங்களே"ன்னு போன்ல கேட்டான். இன்னொண்ணு என் மக. அவ கதையை முதல்ல சொல்லிடறேன்.

மக பதினொண்ணாவது படிக்கிறா. எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோட முடிஞ்சிடும். மேல்நிலைப் பள்ளிக்கு 7 கிலோமீட்டர் போகணும். பஸ்சை நம்பினா முதல் பீரியடு போயிடும். அரசாங்கம் குடுக்கிற சைக்கிள் இருக்கறதால போயிட்டு வர்றா. எங்க அக்கா எட்டாவதோட நின்னதுக்குப் படிப்பு ஏறாதது காரணமில்லை, தூரம்தான் காரணம். அந்தக் காலத்துல எங்க ஊர்ல பொம்பளைப் பிள்ளைக்கு யாரும் சைக்கிள் வாங்கித் தந்ததில்லை. அதனால, தடப்பள்ளி வாய்க்கால் மேட்டுல பிள்ளைங்க நாலஞ்சு பேர் வரிசையா சைக்கிள்ல போறதைப் பார்க்கறப்ப எனக்கு மனசு நெறஞ்சு போகும்.

ஆடி மாசம் போல, தோள் வலிக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சா. அவங்கம்மா தைலம் தேய்ச்சுவிட்டாள். எங்கம்மா, "பொட்டப்புள்ள இத்தனை தூரம் மிதிச்சா வலிக்காம என்ன பண்ணும்? பேசாம நிறுத்திப் போடு"ன்னாங்க. மிதிச்சா தொடை வலிக்கணும், முட்டி வலிக்கணும். தோள் ஏன் வலிக்கணும்? வாழைத்தார் நிறுக்கற கொக்கித் தராசை எடுத்துட்டு வந்து அவ பையை மாட்டிப் பார்த்தேன். 7 கிலோ 600 கிராம். பிள்ளையோட எடை 43 கிலோ. 2020-ல மத்திய அரசு பள்ளிப் பைக்குன்னே ஒரு கொள்கை வெளியிட்டுச்சு. உடம்பு எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல பை இருக்கக் கூடாதுங்கறது அதோட கணக்கு. அதன்படி பார்த்தா இவளுக்கு நாலேகால் கிலோ. கிட்டத்தட்ட ரெண்டு பிள்ளை சுமக்க வேண்டியதை இவ ஒருத்தி சுமந்துக்கிட்டிருந்தா.

அடுத்த வாரமே இன்னொண்ணும் நடந்துச்சு. சாயங்காலம் தூறல்ல வரும்போது, பையோட ஒரு பக்கத்து வார் மேல் மூட்டுல பிச்சுக்கிச்சு. பை ஒரு பக்கமா சாய, அறுந்த வார் பின் சக்கரத்துக்குள்ள போகப் பார்த்துச்சு. பிள்ளை சுதாரிச்சுக் காலை ஊனி நிறுத்திட்டா. ஆனா பை சேத்துல விழுந்து வாயைத் திறந்துடுச்சு. மூணு மாசமா படம் வரைஞ்சு எழுதின பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு ஊறிப் போச்சு. வீட்டுக்கு வந்து, "இனிமே நான் போகலைப்பா"ன்னு அழுதா. எங்கம்மா என்னைப் பார்த்தாங்க. அந்தப் பார்வையில அக்கா நின்ன வருஷம் எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. ஒரு வார் அறுந்ததுக்காக இன்னொரு பிள்ளை நிக்கக் கூடாதுன்னு அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணினேன்.

கழுதை மேல பொதி ஏத்தறவங்களைச் சின்ன வயசுல பார்த்திருக்கேன். ரெண்டு பக்கமும் சமமா இருக்கும், ஒரு பக்கம் கூடினா கல்லை வெச்சாவது சமம் பண்ணுவாங்க. தலையில சுமக்கறவங்க சும்மாடு கட்டாம மூட்டையைத் தூக்க மாட்டாங்க. நுகத்தடியில ஒரு மாட்டை மட்டும் பூட்டி யாரும் உழறதில்லை. சுமைக்கு இதுதாங்க பாடம். பாரம் சமமா இருக்கணும், படற எடம் அகலமா இருக்கணும். அதுக்கும் மேல ஒண்ணு உண்டு. சுமக்கறதுக்கு வண்டி இருக்கறப்ப, ஆள் எதுக்குச் சுமக்கணும்?

கோபியில லாரிக்குத் தார்பாய் தைக்கிற ஒருத்தர்கிட்ட போய், கேரியருக்குப் பொதி மாதிரி ஒரு பை தைக்கச் சொன்னேன். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பை, நடுவுல கேரியர் மேல படியற அகலமான பட்டை. சைக்கிளையும் மகளையும் கூட்டிட்டுப் போய், அவளை உட்கார்ந்து மிதிக்கச் சொல்லி, குதிகால் எதுவரைக்கும் பின்னாடி வருதுன்னு சாக்பீசால கோடு போட்டோம். அந்தக் கோட்டுக்குப் பின்னாடிதான் பை தொடங்கணும். இல்லைன்னா ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் இடிக்கும். சக்கரத்துப் பக்கம் உள்ளே ஒரு மெல்லிசுப் பலகையை வெச்சுத் தைச்சார். வெறும் துணியா இருந்தா குழியில குலுங்கும்போது கம்பிக்குள்ள போய் மாட்டிக்கும். அடியில ஆடாம இருக்கப் பழைய டியூப் ரப்பரால ஒரு கட்டு. தையல்கூலி, துணி எல்லாம் சேர்த்து 450 ரூபாய் ஆச்சு.

கேரியர்ல வெச்ச பொருள் ரோட்டுல இருக்கிற ஒவ்வொரு குழியையும் வாங்கும். முதுகுல இருக்கற பொருளுக்கு நம்ம உடம்பே ஸ்பிரிங். அதனால வீட்டுல ஒரு சட்டம் வெச்சிருக்கோம்: கனமானது வண்டிக்கு, நொறுங்கறது முதுகுக்கு. பாடப் புத்தகம், தண்ணி பாட்டில், மழைக்கோட்டு எல்லாம் பொதியில. திரும்ப எழுதின ரெக்கார்டு நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், கண்ணாடிக் கூடு முதுகுப் பையில. இப்ப முதுகுப் பை ரெண்டரைக் கிலோ. ரெண்டு வாரத்துல தோள்வலி பேச்சே நின்னுடுச்சு.

இனி மாப்பிள்ளைக்கும், அவனை மாதிரி பட்டணத்துல மிதிக்கறவங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல உங்க சைக்கிளோட பின் அச்சுப் பக்கம், சட்டத்துல திருகு போடற ஓட்டை இருக்கான்னு பாருங்க. கியர் சைக்கிள் நிறைய கேரியர் இல்லாமத்தான் வருது. ஆனா ஓட்டை இருந்தா கேரியர் மாட்டிக்கலாம். எவ்வளவு தாங்கும்னு கேரியர்லயே பொறிச்சிருக்கும், பலதுல 25 கிலோன்னு இருக்கும். பொதிப்பை போட்டா, பின்னாடி இருக்கற சிவப்பு ரிஃப்ளெக்டரையும் விளக்கையும் அது மறைக்காம பார்த்துக்கோங்க.

கேரியருக்கு வழியே இல்லைன்னா, மெசஞ்சர் பேக்கா, பேக்பேக்கா? மெசஞ்சர் பேக்குங்கறது வேற ஒண்ணுமில்லைங்க, நம்ம ஜோல்னா பையோட பட்டணத்துத் தம்பி. நியூயார்க் மாதிரி ஊர்கள்ல சைக்கிள்ல கடிதமும் பத்திரமும் கொண்டுபோய்க் குடுக்கிறவங்க மாட்டினதால அந்தப் பேர். அவங்களுக்கு அது சரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு இடத்துல நிக்கணும், பையை முன்னாடி இழுத்துக் கவரை எடுத்துக் குடுத்துட்டு மறுபடியும் கிளம்பணும். பையைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை. ஆனா வீட்டுல ஏறி ஆபீஸ்ல இறங்கறவனுக்கு அந்த வசதியால என்ன லாபம்? பாரம் முழுக்க ஒரே தோள்ல. குனிஞ்சு மிதிக்கும்போது பை வழுக்கி வயித்துப் பக்கம் வந்துடும், முட்டியில இடிக்கும். வாங்கித்தான் ஆகணும்னா, அக்குளுக்குக் கீழே குறுக்கே போய் மாட்டற ரெண்டாவது சின்ன வார் இருக்கறதைப் பாருங்க. அதுதான் பை முன்னாடி வராம பிடிக்கும். பொருளும் ரெண்டு மூணு கிலோவுக்குள்ள இருக்கட்டும். லேப்டாப்பும் சோத்துப் போசியும் தினமும் போகுதுன்னா பேக்பேக்தான்.

கடையில பேக்பேக் பார்க்கும்போது, நிமிர்ந்து நின்னு கண்ணாடி பார்த்தாப் போதாது. நாலஞ்சு கிலோ எதையாவது உள்ளே போட்டு மாட்டிக்கிட்டு, ஹேண்டில்பாரைப் பிடிக்கற மாதிரி குனியுங்க. அப்படியே தலையைத் திருப்பி வலது தோளுக்குப் பின்னாடி பாருங்க. நம்ம ஊர்ல பஸ்சும் லாரியும் அந்தப் பக்கம்தான் முந்தும். ஹெல்மெட் பையில இடிச்சா அந்தப் பை வேண்டாம், எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. நெஞ்சுல குறுக்கே மாட்டற பட்டை இருந்தா வார் தோளை விட்டு நழுவாது. வாரோட மீதி நுனி தொங்கக் கூடாது, சுருட்டி ரப்பர் போட்டுடுங்க. தொங்கற வார் சக்கரத்தைத் தேடிப் போகும்னு எங்க வீட்டுல கண்டுட்டோம். அளவு 15 லிட்டர்ல இருந்து 20 லிட்டர் போதும். பெரிய பை வாங்கினா, இடம் இருக்கேன்னு நம்மளே நிரப்பிடுவோம்.

துணியில டீனியர்னு ஒரு எண் போட்டிருப்பாங்க. ஈரோட்டுப் பக்கம் தறி ஓட்டறவங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு இது. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அதுதான் டீனியர். 600 டீனியர்னா அந்த நீள நூல் 600 கிராம். எண் கூடக் கூட நூல் தடிமன். நைலான் தேய்மானத்தை நல்லாத் தாங்கும், பாலியெஸ்டர் வெயிலை நல்லாத் தாங்கும். பருத்திக் கேன்வாஸ் உறுதிதான், ஆனா நனைஞ்சா கனக்கும், காயவைக்காம மடிச்சு வெச்சா பூசணம் பிடிக்கும்.

ஆனா துணியை மட்டும் பார்த்து ஏமாந்துடாதீங்க. வாழ்நாளெல்லாம் சாக்கு தூக்கினவன் சொல்றேன், சாக்கு நடுவுல கிழியறது எலி கடிச்சாத்தான். மத்தபடி தையல்லதான் விடும். பையும் அப்படித்தான். வார் பையோட சேர்ற இடத்தைப் பாருங்க. ஒத்தைத் தையலா ஒரு கோடு ஓடினா வெச்சிட்டு வந்துடுங்க. சதுரமாத் தைச்சு, நடுவுல பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல் போட்டிருக்கணும். பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்க, துணி ஓரம் பிசிறு பிசிறா நிக்காம, நாடா வெச்சு மூடித் தைச்சிருக்கணும். ஜிப்பைப் பை நிறைஞ்சிருக்கும்போது ஒரு கையால இழுத்துப் பாருங்க. வாங்கின அன்னைக்கே அடம்பிடிச்சா மழைக்கு அப்புறம் திறக்கவே திறக்காது.

'வாட்டர்ப்ரூஃப்'னு எழுதியிருந்தாலும், துணியில தண்ணி இறங்காதுன்னுதான் பல பைக்கும் அர்த்தம். ஊசி போன ஓட்டை வழியாவும் ஜிப் வழியாவும் இறங்கும். வாயைச் சுருட்டி மூடற பை மழைக்கு நல்லது. அது இல்லைன்னா, கெட்டியான பிளாஸ்டிக் பை ஒண்ணு உள்ளே வெச்சு, நனையக் கூடாததை அதுல போட்டுக்கட்டும். அஞ்சு ரூபாய்ச் செலவு, ஒரு ரெக்கார்டு நோட்டைக் காப்பாத்தும்.

புதுப் பை வாங்கற நிலைமை இல்லைன்னாலும் வழி இருக்கு. பஸ் ஸ்டாண்டு ஓரமா செருப்புத் தைக்கிறவர்கிட்ட குடுத்தா, வார் மூட்டுல தோல் துண்டு வெச்சு நைலான் நூல்ல தைச்சுத் தருவார். மக பையை அப்படித்தான் தைச்சோம். 40 ரூபாய். மத்த இடமெல்லாம் நைஞ்சாலும் அந்த இடம் மட்டும் அசையலை.

உங்க வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளை இருந்தா, இன்னைக்கு ராத்திரி தூங்கினதுக்கு அப்புறம் அந்தப் பையை ஒரு தடவை தூக்கிப் பாருங்க. முடிஞ்சா எடை போட்டே பாருங்க. பிள்ளைங்க பை கனமா இருக்குன்னு சொல்லாது, போகப் பிடிக்கலைன்னுதான் சொல்லும்.

தார்பாய்க்காரர் இப்ப எங்க மக கூடப் போற பிள்ளைங்க நாலு பேருக்கும் பொதிப்பை தைச்சுக் குடுத்துட்டார். முதல் பைக்கு அளவெடுக்க அரை நாள் ஆச்சு, இப்ப சைக்கிளைப் பார்த்தே வெட்டிடறாராம்.

மூணு பேஸ் கரண்டு வர்ற நேரம். மஞ்சளுக்குத் தண்ணி கட்டணும், கிளம்பறேங்க.