வாசலோட போற வண்டி

அப்பாவுக்குத் திருச்சி பெல்லில் வேலை. ஆச்சி வீடு திருநெல்வேலிக்குப் பக்கம், தாமிரபரணிக் கரையில். இடையே 300 கிலோமீட்டர் போல இருக்கும். எண்பதுகளில், முழுப் பரீட்சை லீவு விட்டதும் அவ்வளவு தூரத்தையும் யெஸ்டியில்தான் போவோம். டேங்கில் நான், பின்னால் அம்மா, அம்மா மடியில் துணிப்பை. கியர் போடும் அதே லீவரை மேலே தூக்கித் திருப்பி, கிக்கராக்கி அப்பா உதைப்பார். இரண்டு சைலன்சரும் நீலப்புகை விட, விடியுமுன் கிளம்பிவிடுவோம்.

விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று சாலை ஊர்களுக்குள் புகுந்துதான் போகும். மதுரை தாண்டினால் வெயில். கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து, நம்பர் போட்ட புளியமரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும். திருமங்கலம் கடந்து ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் கரியைத் தேய்ப்பார் அப்பா. ஸ்பேனரைப் பிடித்துக்கொள்வது என் உத்தியோகம்.

கோவில்பட்டியில் அத்தை வீடு மெயின் ரோட்டிலேயே இருந்தது. "ஏல தம்பி, வாசலோட போற வண்டி நிக்காமப் போயிருமால?" என்று முன்னொரு தடவை அத்தை கேட்டதிலிருந்து, அங்கே இறங்காமல் போனதே இல்லை. திண்ணை முழுக்க நீலத்தாள் ஒட்டிய தீப்பெட்டிகள் காய்ந்துகொண்டிருக்கும். பசை நாற்றம் குப்பென்று அடிக்கும். பெட்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் எங்களுக்குப் பாய் விரிப்பாள். ஒட்டும் கை நிற்காமலே, யாருக்கு வரன் அமைந்தது, யார் யாரோடு பேசுவதில்லை, எந்தப் பிள்ளைக்கு அம்மை வார்த்தது என்று ஒரு வருஷச் சேதியும் சொல்லி முடிப்பாள். ஆச்சிக்கென்று கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்று, எனக்குத் தனியாக ஒன்று. சொந்தம் என்றால் யார் யார் என்று அந்தத் திண்ணையில்தான் படித்தேன்.

அப்புறம் கயத்தாறு. 1799இல் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர். சிவாஜி கணேசன் வைத்த சிலையைக் கண்டதும் அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொள்வாள். ஊர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அது நான்குவழிச் சாலை. புளியமரங்கள் போய்விட்டன. சாலையை அகலமாக்கியதைத் தப்பென்று சொல்லமாட்டேன். எதிரே லாரி வர, தாரை விட்டு மண்ணில் இறங்கும்போது அப்பாவின் கைகள் விறைத்ததை டேங்கில் உட்கார்ந்து பார்த்தவன் நான். இன்று என் பைக்கில் மதியச் சாப்பாட்டுக்கே நெல்லை போய்விடுகிறேன். ஆனால் பைபாஸ் கோவில்பட்டியை ஒதுக்கிவிட்டுப் போகிறது. அத்தை வாசல் வழியாக இப்போது யாரும் போவதில்லை. நிற்காமல் போனாயே என்று கேட்க அத்தையும் இல்லை. தனியாகக் கிளம்பிப் போய்ப் பார்க்க வேண்டிய வீடாக அது ஆனபின் நாங்கள் போகவே இல்லை. அந்த இழப்பைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

சமீபத்தில் வாட்ஸப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண்ணின் பெயரை எத்தனை தடவை படித்தும் யாரென்று பிடிபடவில்லை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம அக்கா பேத்தில்லா இவ!" என்றார்.