காணையில் ஒரு ஆர்.எக்ஸ். 100

உங்க வீட்டு வாசல்ல அப்பாவோட பழைய பைக் ஒண்ணு நிக்குதா? 'வித்துடலாம்ப்பா'ன்னு நீங்க வாய்விட்டு, அவர் ஒரு வாரம் உங்ககிட்ட முகம் கொடுத்துப் பேசலையா? அப்ப நீங்க நம்ம கட்சி. வாங்க, விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல காணைக்கு ஒரு பஸ்ஸைப் பிடிப்போம்.

பஸ் கிளம்பறதுக்குள்ள ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. மயிலத்துல 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 50 செ.மீ. மழை. திண்டிவனத்துல எங்க தெருவுக்குள்ளயும் தண்ணி வந்து, அப்பாவோட ஆர்.எக்ஸ். 100 ரெண்டு நாள் முழுசா ஊறிக் கிடந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் சுத்தம் பண்ணாம அப்படியே விட்டது எங்க தப்பு. அப்புறம் கிக்கரை உதைச்சா கல்லை உதைச்ச மாதிரி இருந்துச்சு.

1985-ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட சேர்ந்து கொண்டுவந்த வண்டி. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக். 1996-லயே தயாரிப்பு முடிஞ்சுபோச்சு. அதாவது உங்களுக்கும் எனக்கும் மூத்தவர்! பிஸ்டன் ஓடுற சிலிண்டரை நம்ம ஊர்ல 'பிளாக்'னு சொல்லுவாங்க. அது தேய்ஞ்சா லேத்துல கொடுத்து கொஞ்சம் கடைஞ்சு, அடுத்த சைஸ் பிஸ்டன் போடணும். அதுக்குப் பேருதான் போர் போடுறது. ஒரிஜினல் விட்டம் 50 மி.மீ. அதுக்கு மேல 0.25, 0.50, 0.75, 1.00-னு நாலு படி. எங்க வண்டி ஏற்கெனவே 1.00. உள்ளே இப்ப துரு. "இதுக்கு மேல கடைஞ்சா காகிதம்தான் மிஞ்சும். ஸ்லீவ் அடிக்கலாம், ஆனா எனக்கு மனசு வரலை. எங்கயாச்சும் செத்த வண்டி ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னு மெக்கானிக் அண்ணன் சொல்லிட்டார்.

'சென்னை புதுப்பேட்டைக்குப் போக வேண்டியதுதானே'ன்னு நீங்க கேக்கறது புரியுது. போனேன். சந்து முழுக்க இன்ஜினும் கதவும் சைலன்சருமா குவிஞ்சு கிடக்கும். சும்மா சொல்லக்கூடாது, இன்ஜினீயரிங் படிக்கிறவன் எல்லாம் ஒரு தடவை போய்ப் பார்க்கணும். ஆனா அங்க தனி பிளாக் கிடைக்குமே தவிர அதோட கதை கிடைக்காது. முழு வண்டியா வாங்கினா ஓட்டினவரையே கேக்கலாம். அப்படி விசாரிச்சுத்தான், நண்பனோட மாமா சொல்லி, காணை.

ஊராட்சி ஒன்றியத் தலைநகர்னு சொன்னா பெரிய ஊர்னு நினைச்சுடாதீங்க. ஒன்றிய ஆபீஸ், கொஞ்சம் கடைங்க, ரெண்டு டீ கிளாஸ் நேரத்துல நடந்து முடிச்சுடலாம். அதுக்கப்புறம் கரும்பு, நெல்லு, மல்லாட்டைக் கொல்லை. (மல்லாட்டைன்னா வேர்க்கடலை. வெளியூர் மக்கள் குழம்ப வேணாம்.)

வண்டி மாட்டுக்கொட்டாயில நின்னுச்சு. சீட்டு மேல வறட்டி அடுக்கி வெச்சிருந்தாங்க. 'டி.என். 31'. கடலூர் நம்பர். 1992 வண்டி, விழுப்புரம் தனி மாவட்டமா பிரியறதுக்கு முந்தின வருஷம். பெரியவருக்கு எழுபது வயசு இருக்கும். கட்டிங் ஆர்டருக்காக முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்கு அலைஞ்சது எல்லாம் இதுலதான்னார்.

இனி நீங்க கத்துக்க வேண்டிய விஷயம். ஆர்.சி. புக்கைக் கையில வெச்சுக்கிட்டு, ஹேண்டில்பார் கழுத்துல இருக்கிற சேஸிஸ் நம்பரையும் கிராங்க் கேஸ்ல இருக்கிற இன்ஜின் நம்பரையும் பாருங்க. துரு மூடியிருந்தா பேப்பரை வெச்சு பென்சிலால தேய்ங்க, எழுத்து மேல வரும். ரெண்டும் பொருந்துச்சு. அப்புறம் பெரியவர்கிட்ட கேட்டுக்கிட்டு ஹெட்டைக் கழட்டினேன். பிஸ்டன் தலையில கரியைச் சுரண்டினா 0.25! இன்னும் மூணு தடவை போர் போடலாம். எனக்கு விசிலடிக்கணும் போல இருந்துச்சு.

அப்பதான் அவர் கேட்டார், "ஓட்டத்தானே தம்பி வாங்குற?"

ஆமான்னு சொல்லியிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. "இல்லை தாத்தா, பார்ட்ஸுக்கு. எங்க அப்பா வண்டி நின்னுபோச்சு"ன்னேன். அவர் ஒண்ணும் பேசலை. பாட்டிதான் உள்ளேருந்து, "வறட்டி அடுக்கத்தானே வெச்சிருந்த, இன்னாத்துக்கு இப்ப மூஞ்சைத் தூக்கற?"ன்னு குரல் குடுத்தாங்க. இருபதாயிரத்துல ஆரம்பிச்ச பேரம் பதினாறுல நின்னுச்சு.

காசைக் குடுத்துட்டு வண்டியை ஏத்திக்கிட்டு வந்துட்டா முடிஞ்சுதா? இல்லை பாஸ். ஆர்.சி. அவர் பேர்ல உயிரோட இருந்தா, நாளைக்கு அந்த சேஸிஸை யாராவது எதுக்காவது பயன்படுத்தினா போலீஸ் தட்டுறது காணைக் கதவைத்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டம், 55-வது பிரிவு: இனி ஓடாத வண்டின்னா ஓனர் 14 நாளுக்குள்ள, இல்லைன்னா முடிஞ்ச சீக்கிரத்துல ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியப்படுத்தி ஆர்.சி.யை ஒப்படைக்கணும். எங்க பக்கமும் கவனிக்கணும். இன்ஜின் நம்பர் கிராங்க் கேஸ்ல இருக்கறதால பிளாக், ஹெட் மட்டும் மாத்தினா பிரச்னை இல்லை. முழு இன்ஜினையே மாத்தினா ஆர்.சி.யிலயும் மாத்தியாகணும்.

இதைச் சொல்லி, "நீங்க ஒருநாள் விழுப்புரம் வரணும் தாத்தா"ன்னேன். ரொம்ப நேரம் கழிச்சு, "செத்துப்போச்சுன்னு நான் எழுதித் தரணுமா?"ன்னு கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. அடுத்த வாரம் வெள்ளை வேட்டி சட்டையில, காணை பஸ்ல தனியா வந்து இறங்கினார். லெட்டரை நான் எழுதினேன், அவர் ரெண்டு தடவை படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டார். டீக்கு நான் காசு எடுக்கறதுக்குள்ள அவரே குடுத்துட்டார்.

பிளாக் பொருந்துச்சு. கிளட்ச் பிளேட்டும் கார்புரேட்டரும் போனஸ். அப்பா உதைச்ச நாலாவது உதையில வண்டி கிளம்புச்சு. மறுவாரம் அதுலயே காணைக்குப் போனேன். திண்ணையில உக்காந்திருந்தவர் எழுந்திருக்கலை, சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் சொன்னார்:

"ஆயில் ஜாஸ்தி ஊத்துற. பொகையைப் பாரு."