கூட்டாளியின் கார்

எல்லாப் பிளாஸ்ரிக்கும் ஒன்றல்ல. பத்தாம் வகுப்போடு நின்ற நான் இதை ஜேர்மனியில், பிளாஸ்ரிக் வார்க்கும் தொழிற்சாலையில்தான் படித்தேன். ஒட்டிப் பூட்டும் மாதிரிக் கார்கள் பெரும்பாலும் பொலிஸ்ரைரீன். அதற்கென்று விற்கும் பசை வெறுமனே ஒட்டுவதில்லை. இரண்டு முனைகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். போத்தல் மூடிகள் செய்யும் பொலிப்புரொப்பிலீனில் அந்தப் பசை பிடிக்கவே மாட்டாது.

இந்தப் படிப்பு வீட்டுக்கு உதவுமென்று நினைக்கவில்லை. மகனுக்கு வகுப்பில் கிடைத்த முதல் கூட்டாளி, தகப்பனோடு இருந்து ஒட்டிய தன் காரை நம்பிக் கொடுத்துவிட்டிருந்தான். 1:24 அளவு, உண்மைக் காரின் 24 சென்ரிமீற்றர் இதில் ஒன்று. அது கைநழுவி விழுந்து, முன் அச்சும் பக்கக் கண்ணாடியின் தண்டும் முறிந்தன. புதிது வாங்கிக் கொடுப்போம் என்றா மனைவி. தகப்பனோடு ஒட்டியதை எந்தக் கடையில் வாங்குவது?

அச்சு பாரம் தாங்கும் இடம். பசை மட்டும் காணாது. 0.5 மில்லிமீற்றர் துறப்பண ஊசியை விரலால் உருட்டி இரு முனையிலும் துளையிட்டு, கம்பித் துண்டொன்றைச் செருகிச் சுப்பர் குளூவால் இறுக்கினேன். மின் துறப்பணம் வேண்டாம், சூட்டில் பிளாஸ்ரிக் உருகும். கண்ணாடித் தண்டின் துண்டு அகப்படவேயில்லை. வேலையிடத்தில் கேட்டு வாங்கிய கழிவுப் பொலிஸ்ரைரீன் குச்சியை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே காட்டி இழுத்தேன், இடியப்பம்போல நீண்டது. அளவாக வெட்டிப் பூட்டினேன்.

இரவு முழுக்கக் காயவிட்டோம். "விழுந்து உடைந்துவிட்டது, அப்பா திருத்தினார்" என்பதை மகன் ஜேர்மன் மொழியில் சொல்லிச் சொல்லிப் பழகினான். இப்போது அந்தப் பையன் சில்லுக் கழன்ற இன்னும் இரண்டு கார்களைத் தந்திருக்கிறான்.

ஒட்டுகிறவர்கள் குளிரென்றாலும் யன்னலைத் திறந்துவையுங்கள். காரின் கண்ணாடிகளுக்குக் கிட்டச் சுப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி வெள்ளையாகப் படிந்துவிடும்.