பிள்ளைகளின் அனிமே ஃபிகர்களைத் துடைக்க முன் ஒரு நிமிடம்



பாடசாலை விடுமுறை வந்தால் எங்கள் வீடுகளில் பெரிய துப்புரவு தொடங்கிவிடும். அலுமாரிக்கு மேலே கிடப்பது, கட்டிலுக்குக் கீழே கிடப்பது எல்லாம் ஹோலுக்கு வரும். அதோடு பிள்ளைகள் அடுக்கி வைத்திருக்கும் கோகு, நருட்டோ, லூஃபி எல்லோரும் வருவார்கள். 'பொம்மை' என்றால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். சரி, நாமும் ஃபிகர் என்றே சொல்வோம். இந்தப் பதிவு, கையில் ஈரத்துணியோடு நிற்கும் உம்மாமார், அம்மாமார், ராத்தாமார், அக்காமாருக்கு. தூசியால் கெட்ட ஃபிகர்களை விட, துடைத்துக் கெட்டவற்றையே எங்கள் மாணவர்களிடம் அதிகம் கண்டிருக்கிறோம்.

சென்ற வருடம் தரம் 9 மகன் ஒருவர் இரண்டு நாள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. மெதுவாக விசாரித்தோம். ஜப்பானுக்கு வேலைக்குப் போன மாமா தன் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய ஃபிகர். பெருநாளுக்கு வீடு துப்புரவாக்கும்போது அதன் முகத்தில் இருந்த பேனை மைக்கறையைப் போக்க ராத்தா நெயில் பொலிஷ் ரிமூவரை எடுத்திருக்கிறார். கறை போனது. கண்ணும் புருவமும் சேர்ந்தே போயின. ராத்தா நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அது மகனுக்கும் தெரியும். "இதுக்குப் போய் அழுவியா, வேற ஒண்டு வாங்கலாம்" என்று வீட்டில் யாரோ சொன்னதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கிறது.

வேறொன்று வாங்குவதும் அவ்வளவு லேசில்லை. 2022இல் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அசல் ஃபிகர்கள் பல, முன்பதிவு எடுத்து ஓரளவு எண்ணிக்கையில்தான் செய்யப்படுகின்றன. குட் ஸ்மைல் நிறுவனம் 2006 முதல் வெளியிடும், 10 செ.மீ. உயரமே உள்ள பெரிய தலை நென்டோராய்ட்களும் அப்படித்தான். விற்று முடிந்தால், வைத்திருப்பவர் யாரென்று தேடித் திரிய வேண்டும்.

இவை எதனால் ஆனவை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முகம், தலைமுடி, உடை எல்லாம் பெரும்பாலும் பிவிசி. பீடம் போன்ற உறுதியான பாகங்கள் ஏபிஎஸ். பிவிசி இயல்பில் கடினமானது, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் அதுதான். அதை இளக்க எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலப்பார்கள். பிளாஸ்டிசைசர் என்பது அதன் பெயர். காலம் போகப் போக அது மெல்ல மேலே கசியும். பழைய ஃபிகர் கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதனால்தான். சூடு கூடினால் கசிவும் கூடும். நம் ஊரில் சூட்டுக்குக் குறைவில்லை.

வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் யன்னல் கம்பியில் விரல் வைத்துப் பாருங்கள், உப்பு ஒட்டும். அதே உப்பு ஃபிகரிலும் படிகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடித்து வைக்கும். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லொறிகளின் கரும்புகைத் தூசி. இரண்டையும் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால், மண்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிப் பெயின்டில் கீறல் விழும்.

ஆகவே முதலில் பிரஷ். மேக்கப் பிரஷ் அல்லது நீர்வர்ணப் பிரஷ், மிருதுவானது, வேறெதற்கும் பாவிக்காதது. மேலிருந்து கீழாக, தலைமுடி மடிப்பு, உடைச் சுருக்கம் என்று மெதுவாகத் தட்டி விடுங்கள். மாதம் ஒரு தடவை இதைச் செய்தால், பெரும்பாலும் தண்ணீரே தேவைப்படாது.

அழுக்கோ பிசுபிசுப்போ போகாவிட்டால் மட்டும் தண்ணீர். ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி. கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றி, மிருதுவான துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு தடவை. துவாயால் ஒற்றி எடுத்து, நிழலில் மின்விசிறிக்குக் கீழே காய விடுங்கள். மூட்டுகளுக்குள் ஈரம் நிற்க விடாதீர்கள். உள்ளே லைட் எரியும் ஃபிகர், துணி உடுத்த ஃபிகர், ஸ்டிக்கர் ஒட்டிய பாகம், இவற்றுக்குத் தண்ணீர் வேண்டாம். பிசுபிசுப்பு ஒரே தடவையில் போகாது, சில நாள் விட்டு மறுபடி செய்யுங்கள். பவுடர் போட்டு மறைக்காதீர்கள்.

தொடவே கூடாதவை: நெயில் பொலிஷ் ரிமூவர், தின்னர், பெற்றோல், ஸ்பிரிட், கைக்குப் போடும் சனிடைசர், பிளீச். ரிமூவரில் உள்ள அசிட்டோன் பெயின்டை மட்டுமல்ல, ஏபிஎஸ்ஸையே கரைக்கும். பற்பசையும், 'மெஜிக் ஸ்பொஞ்ச்' என்று விற்பதும் நுண்ணிய தேய்ப்பான்கள், பளபளப்பையும் பெயின்டையும் உரித்துவிடும். கொதிநீரும் ஹெயார் டிரையரும் வேண்டாம், கால் வளைந்து ஃபிகர் சாய்ந்துவிடும்.

வைக்கும் இடம் அதைவிட முக்கியம். வெயில் விழும் யன்னலோரம், டிவிக்கு மேல், குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வேண்டாம். வெயிலில் நிறம் மங்கும், வெள்ளைப் பாகம் மஞ்சளாகும். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் பிளாஸ்டிக் பொருட்களின் பாதுகாப்பை ஆராய்ந்த இவோன் ஷாஷுவா 2008இல் அது பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். காற்றோட்டம் குறைந்த மூடிய இடத்தில் பிளாஸ்டிசைசர் வெளியேறுவது மெதுவாகும் என்று அவர் ஆய்வில் கண்டார். சேகரிப்பவர்களோ பெட்டிக்குள் அடைத்தே வைத்தால் பிசுபிசுப்புக் கூடும் என்பார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரி நமக்குப் போதும்; மாதத்துக்கு ஒரு தடவை பிரஷ் போடும்போது திறந்தால் சரி. உள்ளே விளக்கு வேண்டுமென்றால் சூடு குறைந்த எல்ஈடி.

ஒன்றோடொன்று உரசும்படி நிறுத்தாதீர்கள், கடும் நிறம் வெளிர் நிறத்தில் ஏறிவிடும். ரப்பர் பேண்ட் போடுவதும், ஷொப்பிங் பேக்கில் இறுக்கிச் சுற்றுவதும் பத்திரிகைத் தாளில் பொதிவதும் வேண்டாம். அட்டைப் பெட்டியைத் தனியாக, சுவரில் படாமல் வையுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் முதலில் பிடிப்பது அதில்தான். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அதற்குள் போடலாம். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காத இடமாக இருக்கட்டும்.

வீட்டில் உருவங்கள் வைப்பது பற்றி எங்கள் வீடுகளில் வேறு வேறு நிலைப்பாடுகள் இருக்கின்றன. அதை ஆலிம்களிடமும் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், பிள்ளையை உட்கார வைத்துப் பேசி, அவர் கையாலேயே யாருக்காவது கொடுக்க விடுங்கள். பாடசாலைக்குப் போன நேரம் பார்த்துக் குப்பைக்குப் போடாதீர்கள். நம் வீட்டில் இருக்கும் பிள்ளையின் பொருளும் நம்மிடம் உள்ள அமானிதம்தான்.

அந்த ஃபிகரின் முகம் திரும்பி வரவில்லை. மகன் அதை எறியவுமில்லை, முதுகுப் பக்கம் தெரியும்படி அலுமாரியில் நிறுத்தியிருக்கிறாராம். ராத்தா புது மேக்கப் பிரஷ் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது தூசி தட்டுவது மகன்தான்.

உங்கள் வீட்டிலும் இந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் இருந்து முதல் தடவை காட்டிக்கொடுத்தால் போதும்.